2–3 வயதுக் குழந்தைக்கு டிவியில் என்ன போடலாம்? நிகழ்ச்சியை எடைபோடுவது எப்படி?

வேப்பமரத்தடி:

வணக்கம். கூட்டுக் குடும்பம், 2 வயது 3 மாதப் பெண் குழந்தை. தாத்தா பாட்டி இருக்கிற வீட்டில் டிவியே கூடாது என்று சொல்ல முடியாது. ஆனால் எதைப் போடுவது என்பதில் தெளிவு வேண்டும். குழந்தைகளுக்கானது என்று வருவதெல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது: பளிச்சென்ற நிறம், பெரிய கண், ஓயாத பாட்டு. நிகழ்ச்சிகளின் பெயர் சொன்னால் சந்தோஷம். அதைவிட, புதிதாக ஒன்று கண்ணில் பட்டால் நாமே பார்த்து முடிவெடுக்க எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.

பாலமுது:

முதலில் வயதுக் கணக்கை முடித்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 2 வயது நிறைவதற்கு முன் திரை வேண்டாம். 2 வயது முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. அமெரிக்கச் சங்கம் 18 மாதத்துக்குப் பிறகு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து தரமான நிகழ்ச்சியைக் கொஞ்சம் காட்டலாம் என்று சிறிது இளக்கம் தருகிறது. வீடியோ காலுக்கு மட்டும் இந்த இரண்டு சங்கங்களும் விலக்கு கொடுக்கின்றன.

ஒன்றை மனதில் வையுங்கள். 1 மணி நேரம் என்பது அதிகபட்ச எல்லை, தினமும் நிரப்ப வேண்டிய கணக்கு இல்லை. இரண்டே கால் வயதுக்கு 15 நிமிடம் ஒரு முறை, தேவைப்பட்டால் மாலையில் இன்னொரு 15 நிமிடம், இவ்வளவு போதும்.

2 வயதுக்கு முன் ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. பிபிசியின் டெலிடப்பீஸ் நிகழ்ச்சியை இரண்டு விதமாகக் காட்டினார்கள். ஒன்று அப்படியே. மற்றொன்றில் காட்சிகளின் வரிசை கலைக்கப்பட்டிருந்தது, அல்லது பேச்சு பின்னோக்கி ஓடியது. 6 மாத, 12 மாதக் குழந்தைகள் இரண்டையும் ஒரே அளவு பார்த்தார்கள். 18 மாத, 24 மாதக் குழந்தைகள் குழப்பிய வடிவத்தைக் குறைவாகப் பார்த்தார்கள். அதாவது ஒன்றரை வயது நெருங்கும்வரை குழந்தை பார்ப்பது வெளிச்சமும் அசைவும்தான், நடப்பதை அல்ல.

2 வயதிலும் அது முழுதாக மாறிவிடுவதில்லை. பக்கத்து அறையில் பொம்மையை ஒளித்து வைப்பதை ஜன்னல் வழியாகக் காட்டினால் 2 வயதுக் குழந்தை போய் எடுத்துவிடும். அதையே டிவியில் காட்டினால் பெரும்பாலும் தேடித் திண்டாடும். இரண்டரையை ஒட்டி நிலைமை மேம்படுகிறது. உங்கள் மகள் இப்போது சரியாக அந்தக் கட்டத்தில் இருக்கிறாள். ஆகவே டிவி கற்றுக் கொடுக்கும் என்ற எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு தேர்வு செய்யுங்கள்.

எடிட்டிங்மேசை:

நான் படத்தொகுப்புப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். முதலில் பார்க்க வேண்டியது வேகம். இதை யார் வேண்டுமானாலும் அளக்கலாம்.

எபிசோடின் நடுவில் ஒரு 2 நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கப் பாட்டு எல்லா நிகழ்ச்சியிலும் வேகமாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. சத்தத்தை முழுதாக அணைத்துவிடுங்கள், இசை ஓடினால் வெட்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் நழுவிவிடும். படம் ஒரு கோணத்திலிருந்து இன்னொரு கோணத்துக்குத் தாவும்போதெல்லாம் காகிதத்தில் ஒரு கோடு. இடமே மாறினால், அதாவது வீட்டிலிருந்து காட்டுக்கு, பகலிலிருந்து இரவுக்கு என்றால், ஒரு வட்டம்.

கோடுகளைவிட வட்டங்கள் முக்கியம். ஒரே சமையலறைக்குள் கேமரா அம்மா முகத்திலிருந்து குழந்தை முகத்துக்குப் போனால் சின்னக் குழந்தையும் ஓரளவு தொடர்ந்துவிடும். இடமும் நேரமும் தாவினால், நடுவில் விட்டுப்போனதைப் பார்ப்பவர்தான் மனதில் இட்டு நிரப்ப வேண்டும். 2 வயதுக்கு அது இன்னும் கைவரவில்லை.

ஒப்பிட ஓர் அளவு வேண்டுமென்றால்: 2011இல் அமெரிக்காவில் 4 வயதுக் குழந்தைகள் 60 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழு ஸ்பாஞ்ச்பாப் என்ற வேகமான கார்ட்டூனைப் பார்த்தது, இன்னொன்று கய்யூ என்ற நிதானமான கார்ட்டூனைப் பார்த்தது, மூன்றாவது வரைந்துகொண்டிருந்தது. எல்லாம் 9 நிமிடம்தான். முதலாவதில் சராசரியாக 11 நொடிக்கு ஒரு முறை காட்சி முழுதாக மாறியது, இரண்டாவதில் 34 நொடிக்கு ஒரு முறை. பார்த்து முடித்த உடனே வைத்த சோதனைகளில், அதாவது காத்திருப்பது, சொன்னதை நினைவில் வைத்துச் செய்வது போன்றவற்றில், ஸ்பாஞ்ச்பாப் குழு மற்ற இரண்டையும்விடப் பின்தங்கியது. 4 வயதுக்கே இப்படி. 2 வயதுக்கு நான் அரை நிமிடத்துக்கு ஒரு வட்டம் என்பதைத் தாண்டும் எதையும் எடுக்க மாட்டேன்.

குறிஞ்சிப்பூ:

எடிட்டிங்மேசை அண்ணா சொன்னதில் ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். அதே ஆய்வுக் குழு 2015இல் வேகத்தையும், நடக்க முடியாத விஷயங்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தது. அப்போது தெரிந்தது, தடுமாற வைத்ததில் பெரும் பங்கு வேகத்துக்கு அல்ல, அடுத்தடுத்து வரும் அசாத்தியமான நிகழ்வுகளுக்கு. சுவருக்குள் ஓடிப் புகுவது, உடல் நசுங்கித் தட்டையாகி மறு நொடி எழுவது, பொருள் திடீரென்று வேறொன்றாக மாறுவது. உலகத்தில் எது நடக்கும், எது நடக்காது என்பதையே இப்போதுதான் பிடித்துக்கொண்டிருக்கும் மூளைக்கு இவற்றை அலச ரொம்ப உழைப்பு தேவைப்படுகிறது.

அதனால் கோடு, வட்டத்தோடு மூன்றாவது குறி ஒன்றும் போடுங்கள்: நிஜத்தில் நடக்கவே முடியாதது நடந்தால் ஒரு பெருக்கல் குறி. முயல் பேசுவது பரவாயில்லை, குழந்தைகள் அதைச் சட்டென்று ஏற்றுக்கொள்வார்கள். பேசும் முயல் மழை பெய்தால் நனைய வேண்டும், தட்டினால் விழ வேண்டும். 2 நிமிடத்தில் பெருக்கல் குறி நிறைய விழுந்தால், படம் எவ்வளவு மெதுவாக ஓடினாலும் ஒதுக்கிவிடலாம்.

எடிட்டிங்மேசை:

சரியான திருத்தம், ஏற்கிறேன். ஆனாலும் 2 வயதுக்கு வேகத்தைக் கைவிட மாட்டேன். அந்த ஆய்வுகள் 4 வயதையும் அதற்கு மேலும் உள்ள குழந்தைகளைப் பற்றியவை. அவர்களுக்கு வெட்டு புரியும்.

மாடிவீடு:

எல்லாம் சரிங்க, மெதுவாக ஓடும் நிகழ்ச்சியைப் போட்டால் குழந்தை எழுந்து போய்விடுகிறதே? அசையாமல் பார்ப்பதுதானே பிடித்திருக்கிறது, புரிகிறது என்பதற்கு அடையாளம்?

குறிஞ்சிப்பூ:

பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான், கேட்டது நல்லது.

உற்றுப் பார்ப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு. திடீர்ச் சத்தம், திடீர் அசைவு, வெளிச்ச மாற்றம் எது வந்தாலும் கண் தானாகத் திரும்பும். அது உடம்பின் பாதுகாப்பு அனிச்சை. 3 நொடிக்கு ஒரு முறை அந்த அனிச்சையைத் தூண்டினால் குழந்தை கண்ணை எடுக்கவே எடுக்காது. வாய் லேசாகத் திறந்து, கூப்பிட்டால் திரும்பாமல், கையிலிருந்த பொம்மை நழுவியது தெரியாமல் உட்கார்ந்திருந்தால் அது ரசனை இல்லை.

புரிந்து பார்க்கும் குழந்தை அசையும். திரையைக் காட்டி ஏதாவது சொல்லும், உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும், கைதட்டும், எழுந்து ஒரு குதி குதித்துவிட்டு வந்து மறுபடி உட்காரும். நடுவில் எழுந்து போய்த் திரும்பி வருவதும் ஆரோக்கியம்தான்.

1969இல் அமெரிக்காவில், ஒரு தெருவில் நடக்கும் செசமி ஸ்ட்ரீட் என்ற குழந்தை நிகழ்ச்சி தொடங்கும்போது எட்வர்ட் பால்மர் என்ற ஆய்வாளர் ஒரு வழி வைத்திருந்தார். நிகழ்ச்சி ஓடும் டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு திரையில் வேறு படங்கள் 7.5 நொடிக்கு ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கும். குழந்தை எந்தக் கணத்தில் டிவியை விட்டு அங்கே பார்க்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். தெருவில் பெரியவர்கள் மட்டும் பேசும் காட்சிகளில் கண் நழுவியது, பொம்மைகள் வந்ததும் திரும்பியது. அதைப் பார்த்துத்தான் பொம்மைகளைத் தெருவுக்கே கொண்டுவந்தார்கள். கவனத்தைப் பிடிப்பது அவ்வளவு துல்லியமான தொழில்நுட்பம். கவனம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நிகழ்ச்சி நல்லது என்று முடிவுகட்ட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வீட்டுச் சோதனை எளிது. டிவி ஓடும்போது மூன்று நான்கு பொம்மைகளைப் பாயில் வையுங்கள். முழு எபிசோடிலும் ஒரு முறைகூடக் குழந்தை பொம்மையைத் தொடவில்லை, உங்களையும் பார்க்கவில்லை என்றால் அந்த நிகழ்ச்சியை மாற்றுங்கள்.

நொய்யல்கரை:

வேகம், அசாத்தியம் இரண்டும் வந்துவிட்டது. நான் பார்க்கச் சொல்வது இடைவெளி. நிகழ்ச்சியில் மௌனம் இருக்கிறதா?

1996இல் நிக்கலோடியனில் தொடங்கிய புளூஸ் க்ளூஸ் இதற்கு நல்ல பாடம். தொகுப்பாளர் கேமராவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார், கேட்டுவிட்டு நிஜமாகவே காத்திருப்பார். பெரியவர்களுக்குச் சங்கடமாகத் தோன்றும் அளவு காத்திருப்பார். 3 வயதுக் குழந்தை கேள்வியை உள்வாங்கி, பதிலை யோசித்து, வாயைத் திறக்க அவ்வளவு நேரம் வேண்டும். இன்று பல நிகழ்ச்சிகள் "இது என்ன நிறம்?" என்று கேட்டு அரை நொடியில் தாங்களே "சிவப்பு!" என்று கத்திவிடுகின்றன. குழந்தைக்குப் பேச இடமே இல்லை.

கேள்வி முடிந்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். நான்கு வரை யாரும் பேசவில்லை, பின்னணி இசையும் தணிந்தது என்றால் எழுதியவர்களுக்குக் குழந்தையைத் தெரியும் என்று நம்பலாம்.

நிகழ்ச்சியில் இடைவெளி இல்லையென்றால் நாமே உண்டாக்கலாம், ரிமோட்டில் அதற்குத்தான் ஒரு பட்டன் இருக்கிறது. 3 வயதுக் குழந்தைகளிடம் கதை வீடியோவை நடுநடுவே நிறுத்திப் பெற்றோர் கேள்வி கேட்டபோது, வெறுமனே பார்த்தவர்களைவிடக் கதையும் சொற்களும் அதிகம் பதிந்தன என்று 2013 ஆய்வு ஒன்று காட்டியது. கேள்வி தேர்வு மாதிரி இருக்கக் கூடாது. "இது என்ன கலர், சொல்லு" வேண்டாம். "ஐயோ, தொப்பி எங்க போச்சு?", "வாத்து ஏன் அழுவுது?", "நம்ம வீட்டுலயும் இப்படி ஒரு வாளி இருக்குல்ல?" இப்படிக் கேளுங்கள். 5 நிமிட எபிசோடுக்கு இரண்டு முறை நிறுத்தினால் போதும். அதற்கு மேல் நிறுத்தினால் கதை அறுந்துபோய்க் குழந்தைக்கு எரிச்சல் வரும்.

முடிந்ததும் அந்த வாளியை நிஜமாகவே கையில் கொடுங்கள். திரையில் பார்த்த பொருள் கைக்கு வரும்போதுதான் இரண்டும் ஒன்று என்று அந்த வயதில் பிடிபடுகிறது.

மாடிவீடு:

பாட்டி வீட்டில் வளரும் குழந்தைக்கு ஆங்கிலம் பழகட்டும் என்று ரைம்ஸ் போடுகிறோம். ஏ முதல் இசட் வரை சொல்கிறாள், பத்து நிறம் சொல்கிறாள். அதில் என்ன தவறு?

குறிஞ்சிப்பூ:

பாட்டு கேட்பதில் தவறே இல்லை. அதைப் பேச்சு என்று கணக்கில் எழுதுவதுதான் பிரச்சினை. பேச்சுப் பயிற்சிக்கு வரும் குழந்தைகளில் அடிக்கடி காண்பது இது: 26 எழுத்தும் வரிசையாகச் சொல்லும், தாகம் எடுத்தால் "தண்ணி வேணும்" என்று கேட்கத் தெரியாமல் கையைப் பிடித்து இழுக்கும். மனப்பாடம் ஏறியிருக்கிறது, கேட்டுப் பெறும் பேச்சு ஏறவில்லை.

மொழி திரையிலிருந்து ஏன் இறங்குவதில்லை என்பதற்கு 2003இல் வந்த ஆய்வு பிரசித்தம். 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசும் ஒருவர் நேரில் விளையாடிக்கொண்டே பேசினார். இன்னொரு குழுவுக்கு அதே பேச்சை வீடியோவில் காட்டினார்கள். நேரில் கேட்டவர்கள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். வீடியோவில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. வீடியோ காலுக்கு விலக்கு இருப்பதும் இதனால்தான்: அந்தப் பக்கம் இருப்பவர் குழந்தை சொன்னதற்குப் பதில் சொல்கிறார். துபாயில் இருக்கும் சித்தப்பாவோடு பேசுவதை டிவிக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மொழியைப் பொறுத்தவரை என் அழுத்தமான கருத்து: 2 முதல் 3 வயதுக்குள், வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்களோ அதில் பாருங்கள். தமிழ் டப்பிங் கிடைத்தால் டப்பிங்கை ஒரு முறை கண்ணை மூடிக் கேளுங்கள். கீச்சுக் குரலில் மூச்சு விடாமல் பேசினால், எழுத்துத் தமிழும் ஆங்கிலமும் கலந்து வீட்டில் யாருமே பேசாத மாதிரி பேசினால், அது உதவாது. அதைவிட, ஆங்கிலப் படத்தின் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாட்டி தன் வாயால் கதை சொல்லலாம். வேகம் குறைந்த, ஒரே இடத்தில் நடக்கும் படம் என்றால் இது அருமையாக ஓடும். பாட்டியிடம் கேட்டால் பதில் வரும், டப்பிங் கலைஞரிடம் வராது.

வேப்பமரத்தடி:

இதுவரை வந்த எல்லாமே பயனுள்ளவை. அடுத்த சிக்கல், மாமியார் மதியம் சீரியல் பார்ப்பார்கள். குழந்தை அதைப் பார்ப்பதில்லை, தரையில் தன் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்கும். அது கணக்கில் வருமா?

பாலமுது:

வரும். சொல்லப்போனால் இதுதான் கவனிக்கப்படாமல் போகிற பெரிய பங்கு.

1, 2, 3 வயதுக் குழந்தைகளை அரை மணி நேரம் அமைதியான அறையிலும், இன்னொரு அரை மணி நேரம் பெரியவர்களுக்கான விநாடி வினா நிகழ்ச்சி பின்னணியில் ஓடும் அறையிலும் விளையாட விட்டுப் பார்த்த ஆய்வு 2008இல் வந்தது. குழந்தைகள் டிவியை எப்போதாவதுதான் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் ஒரு பொம்மையோடு தொடர்ந்து விளையாடும் நேரம் குறைந்தது, ஆழ்ந்த கவனமும் துண்டு துண்டானது. இன்னொன்று, குழந்தையின் சட்டையில் ஒலிப்பதிவுக் கருவி வைத்து எடுத்த 2009 கணக்கு: டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்கும் சொற்கள் சுமார் 770 குறைந்தன. கெட்ட வார்த்தை, சண்டை, அழுகை எல்லாம் இரண்டாம் பட்சம். பெரியவர்கள் பேசாமல் போவதுதான் இழப்பு.

சீரியலைப் பிடுங்க வேண்டியதில்லை. குழந்தை தூங்கும் மதிய நேரத்துக்கு மாற்றலாம், இப்போது எல்லாச் சேனலும் எபிசோடைச் செயலியில் போட்டுவிடுகிறார்கள். 1–2 வயதுக்கு ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரமும், 3–4 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும். அதில் மதியத் தூக்கமும் அடக்கம், ஒரு சீரியலுக்கு அது தாராளம்.

ஒயர்மேன்:

மாமியார் ஒத்துக்கொள்ளாவிட்டால் ப்ளூடூத் ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுங்கள். டிவியின் அமைப்புகளில் ஒலி வெளியீடு என்ற இடத்தில் இணைக்கலாம். பழைய டிவியென்றால் ஹெட்போன் துளையில் செருகும் சின்ன ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர் கிடைக்கிறது. சத்தம் போனாலே பாதிப் பிரச்சினை போச்சு.

இனி குழந்தை நிகழ்ச்சிக்கான அமைப்பு. என்ன நிகழ்ச்சி என்று தேர்ந்தெடுத்தாலும், அடுத்து எது வரும் என்பதை நீங்கள் தீர்மானிக்காவிட்டால் எல்லாம் வீண்.

சேட்டிலைட் குழந்தைச் சேனலை 2 வயதுக்கு நேரலையாக வைக்காதீர்கள். விதிப்படியே மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். விளம்பரத்தில் வெட்டு நிகழ்ச்சியைவிடப் பல மடங்கு வேகம், சத்தமும் எகிறும், அந்த வயதில் எது கதை, எது விளம்பரம் என்று பிரிக்கவும் தெரியாது. தவிர அந்தச் சேனல்கள் 3 வயதுக்கும் 12 வயதுக்கும் சேர்த்துத்தான் ஓடுகின்றன.

யூடியூப் என்றால் தானாக அடுத்த வீடியோ ஓடும் வசதியை முதலில் அணையுங்கள். யூடியூப் கிட்ஸில் குழந்தைக்கான கணக்கைத் திறக்கும்போது 4 வயது வரை என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்தாலும் போதாது. பெற்றோர் அமைப்புகளுக்குள் போய், நீங்கள் அனுமதித்தவை மட்டும் என்ற முறைக்கு மாற்றுங்கள். அப்போது தேடல் பெட்டியே மறைந்துவிடும், நீங்கள் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சேர்த்த வீடியோக்கள் மட்டும் தெரியும். 2017இல் பெப்பா பிக் போன்ற பிரபலப் பாத்திரங்களைப் போலி செய்து பயங்கரக் காட்சிகளோடு வந்த வீடியோக்கள் பெரிய விவகாரமானது நினைவிருக்கும். முகப்புப் படத்தைப் பார்த்து அசல், போலி கண்டுபிடிக்க முடியாது.

ஒரு மணி நேரத் தொகுப்பு வீடியோக்களைத் தவிருங்கள். 20 பாட்டு ஒட்டி வைத்திருப்பார்கள், எங்கே நிறுத்தினாலும் நடுவில் நிறுத்தியது போலத்தான் இருக்கும். தனிப் பாட்டாக, 2–3 நிமிட வீடியோவாகச் சேருங்கள்.

நெட்ஃப்ளிக்ஸில் அடுத்த எபிசோட் தானாக ஓடுவதைக் கணினி உலாவியில் அந்தச் சுயவிவரத்தின் பிளேபேக் அமைப்பில் அணைக்கலாம். வேண்டாத தொடர்களைப் பெயர் சொல்லித் தடுக்கவும் அங்கேயே வழி இருக்கிறது.

ஓடிடியில் மூலையில் வரும் யு என்ற குறியை நம்பி உட்கார வைக்காதீர்கள். 2021 விதிகளின்படி யு, அடுத்து 7+, 13+, 16+, ஏ என்றுதான் வகை. யு என்றால் எல்லா வயதினரும் பார்க்கலாம் என்று பொருள், 2 வயதுக்கு ஏற்றது என்று இல்லை.

டிவி மேஜையில் நிற்கிறதென்றால் பின்னால் சுவரோடு பட்டை போட்டுக் கட்டுங்கள். 2 வயதுக் குழந்தை திரையில் இருப்பதைத் தொட மேஜை இழுப்பறையில் ஏறும், அப்போது டிவி குழந்தை மேலேயே சாயும். சில ஸ்பீக்கர், விளக்கு ரிமோட்களில் நாணயம் போன்ற லித்தியம் பேட்டரி இருக்கும். விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகும், உடனே ஆஸ்பத்திரி. மூடிக்கு ஸ்க்ரூ இல்லாத ரிமோட் குழந்தை கைக்கு எட்டக் கூடாது.

மாடிவீடு:

சாப்பிடும்போது மட்டும் டிவி இல்லாமல் ஒரு வாய் இறங்குவதில்லை. இதற்கு ஏதாவது நிகழ்ச்சி சொல்லுங்கள்.

பாலமுது:

இதற்குப் பொருத்தமான நிகழ்ச்சி கிடையாதுங்க. டிவி பார்த்துக்கொண்டே விழுங்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது, பசியும் தெரியாது. கன்னத்தில் சாதத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு திடீரென்று சிரித்தால் புரையேறும்.

ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு வேளை சாப்பாடு குறையும், வீட்டில் எல்லோரும் பயந்துபோய் மறுபடி போட்டுவிடுவார்கள். அதனால் காலைச் சாப்பாட்டில் தொடங்குங்கள், அப்போது பசி நன்றாக இருக்கும். முந்தைய 2 மணி நேரம் பால், பிஸ்கட் கிடையாது. இட்லியைக் கையில் பிடிக்கும் அளவு துண்டாக்கித் தட்டில் வைத்து, பெரியவர்களோடு தரையில் உட்கார வையுங்கள். 20 நிமிடம். சாப்பிட்டது போதும், தட்டை எடுத்துவிடலாம், பின்னால் ஓட வேண்டாம். காலை வேளை பழகியதும் மதியம், கடைசியில் இரவு. வளர்ச்சி அட்டவணையில் எடை ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தால் ஒரு வேளை குறைந்ததற்கு அஞ்ச வேண்டாம்.

வேப்பமரத்தடி:

இப்போது பெயர்கள் சிலவற்றைச் சொல்லுங்களேன், இந்த அளவுகோல்களில் தேறுபவை.

எடிட்டிங்மேசை:

எந்தச் செயலியில் எது இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும், பெயரைத் தேடிப் பாருங்கள்.

பஃபின் ராக்: அயர்லாந்துத் தயாரிப்பு, ஒரு தீவில் கடற்பறவைக் குடும்பம். ஒரே கதைசொல்லியின் குரல், பரந்த அசையாத காட்சிகள், நிஜமான பறவை, நண்டு, கடல்நாய். 2 வயதுக்கு என் முதல் தேர்வு.

சாரா அண்ட் டக்: பிபிசியின் சிபீபீஸ் சேனலுக்காக 2013இல் வந்தது. ஒரு சிறுமி, ஒரு வாத்து, 7 நிமிடம், நிறைய மௌனம். சத்தத்தை அணைத்துப் பாட்டி கதை சொல்ல இதைவிடப் பொருத்தமானது குறைவு. அசாத்தியமான விஷயம் சில வரும், ஆனால் மெதுவாக, ஒவ்வொன்றாக.

டேனியல் டைகர்ஸ் நெய்பர்ஹுட்: 2012 முதல். புளூஸ் க்ளூஸை உருவாக்கியவர்களில் ஒருவரான ஏஞ்சலா சாண்டோமெரோதான் இதையும் உருவாக்கினார், அதே காத்திருப்பு இதிலும் உண்டு. கோபம் வந்தால் என்ன செய்வது, ஆய் வந்தால் நிறுத்திவிட்டுப் போவது என்று ஒவ்வொரு எபிசோடிலும் ஒரே ஒரு விஷயம். இரண்டரை வயதிலிருந்து.

பெப்பா பிக்: 2004 முதல், 5 நிமிடம். ஒரு சின்ன நிகழ்ச்சி, தட்டையான படம், நடப்பதைச் சொல்லும் குரல். இரண்டரைக்கு மேல் நன்றாகவே தொடர்வார்கள். அப்பாவைக் கேலி செய்வது, "நீ குண்டு" என்பது போன்ற வசனங்கள் உண்டு, எபிசோடைப் பார்த்துச் சேருங்கள்.

ப்ளூயி: 2018 முதல், ஆஸ்திரேலியா. அற்புதமான தொடர். ஆனால் நகைச்சுவையும் உரையாடலும் 4 வயதுக்கு மேல்தான் முழுதாகப் பிடிபடும். அதற்கு முன் அவசரம் வேண்டாம்.

சோட்டா பீம் 2008 முதல் போகோவில் வருகிறது, நம் ஊர்ச் சாயல், குழந்தைகளுக்கு உயிர். அதில் பிரச்சினை தீர்வது பெரும்பாலும் அடியால். 6 வயதுக் குழந்தை கதையின் நியாயத்தைப் பார்க்கும், 2 வயதுக் குழந்தை ஓங்கிய கையை மட்டும் பார்த்து அதையே செய்யும். டாம் அண்ட் ஜெரியும் அப்படித்தான், அதோடு பெருக்கல் குறி காகிதம் முழுக்க விழும்.

சென்னையிலிருந்து 2013 முதல் வரும் சூசூ டிவி பாட்டுகள் பல இருக்கின்றன, தமிழிலும் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்துத் தனிப் பாட்டாக எடுங்கள், எல்லாமே ஒரே வேகத்தில் இல்லை.

நொய்யல்கரை:

பெப்பா பற்றி ஒன்று. சிலந்தியைக் கண்டு பயப்படாதே, அது உன் நண்பன் என்கிற மாதிரி ஓர் எபிசோடை ஆஸ்திரேலியாவில் 2012இல் ஒளிபரப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள், அங்கே விஷச் சிலந்தி வீட்டுக்குள்ளேயே வரும் என்பதால். நம் வீட்டுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். பாம்பைக் கையில் எடுப்பது, தனியாகக் குளத்தில் குதிப்பது, அடுப்பில் பொம்மைப் பாத்திரம் வைப்பது, குடையோடு மாடியிலிருந்து குதிப்பது: 2 வயதுக் குழந்தை கண்டதை அப்படியே செய்து பார்க்கும். "அப்படிச் செய்யக் கூடாது" என்று கடைசி நிமிடத்தில் வரும் புத்திமதி அதற்குப் போய்ச் சேராது. தவறு செய்து திருந்தும் கதைகளில் தவறு 4 நிமிடமும் திருத்தம் அரை நிமிடமும் இருக்கும். அந்த வயதுக்குச் சரியானதைச் செய்து காட்டுவதே பெரும்பகுதியாக இருக்க வேண்டும்.

வேப்பமரத்தடி:

அணைக்கும்போது வரும் அழுகை? "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று முன்கூட்டியே சொல்லிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

நொய்யல்கரை:

அதையே 2016இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தார்கள். 2 நிமிட முன்னறிவிப்பு கொடுத்தபோது குழந்தைகள் அதிகம் அடம்பிடித்தார்கள் என்பதே முடிவு. எபிசோட் முடிவது போன்ற இயல்பான நிறுத்தம் இருந்தபோது சுமுகமாக எழுந்தார்கள். 2 வயதுக்கு இரண்டு நிமிஷம் என்பது எவ்வளவு என்று தெரியாது, பறிக்கப் போகிறார்கள் என்பது மட்டும் புரியும்.

போடும் முன்பே சொல்லுங்கள்: "வாத்துக் கதை ஒண்ணு. முடிஞ்சதும் செடிக்குத் தண்ணி ஊத்தப் போறோம்." கடைசிப் பாட்டு வரும்போது பூவாளியைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வாருங்கள். அணைக்கும் பட்டனைக் குழந்தையே அமுக்கட்டும். ஒரு வேளை அழுதால் அழட்டும், மறுபடி போடாதீர்கள். அழுதால் இன்னொரு கதை வரும் என்று ஒரு முறை தெரிந்துவிட்டால் அதை மறக்க வைக்க நெடுநாள் ஆகும்.

தூங்குவதற்கு முந்தைய 1 மணி நேரம் திரை வேண்டாம். தூங்க வைக்கும் நிகழ்ச்சி என்று விற்கப்படுபவையும் இதில் அடக்கம்.

பாலமுது:

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2 வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேச வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும், வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட வேண்டும். இவற்றில் ஏதாவது இல்லையென்றால் "டிவி பார்த்ததால்தான், நிறுத்தினால் சரியாகிவிடும்" என்று மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். டிவியை நிறுத்துங்கள், அதே வாரம் குழந்தை மருத்துவரையும் பாருங்கள், காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, கட்டணம் இல்லை.

வேப்பமரத்தடி:

நன்றி. கடைசியாக ஒன்று. இரண்டு எபிசோட் தேர்ந்தெடுத்தேன். ஒரே எபிசோடைத் தினமும் கேட்டால் கொடுக்கலாமா, புதுசு புதுசாகக் காட்ட வேண்டுமா?

குறிஞ்சிப்பூ:

தாராளமாக ஒரே எபிசோடைக் கொடுங்கள் அக்கா. புளூஸ் க்ளூஸ் ஆரம்பத்தில் திங்கள் முதல் வெள்ளிவரை ஒரே எபிசோடைத்தான் ஒளிபரப்பியது. குழந்தைகள் முதல் நாள் உற்றுப் பார்த்தார்கள், ஐந்தாவது நாளில் திரையோடு சேர்ந்து பதில் சொன்னார்கள், கதையும் கூடுதலாகப் புரிந்திருந்தது. 2 வயதுக்குக் கீழும் திரையில் பார்த்ததைச் செய்து காட்ட, நேரில் பார்ப்பதைப் போல இரு மடங்கு முறை பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்து நடக்கப் போவதை அவளே முந்திக்கொண்டு சொல்லத் தொடங்கும்வரை அதே எபிசோட் இருக்கட்டும். பிறகு அதே தொடரில் இன்னொன்று சேருங்கள், பழையதையும் பட்டியலில் வைத்திருங்கள், திரும்பக் கேட்பாள். ஆறேழு எபிசோட் இருந்தால் பல மாதம் ஓடும்.